குழந்தைகளோடு வீட்டில் முடிச்சுச் சாயம்: முதல் சட்டைக்கு ஒரு வழிகாட்டி

வெள்ளைப் பருத்திச் சட்டையை மடித்து முறுக்கி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சாயம் ஊற்றி, மறுநாள் அவிழ்த்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் டை-டை. கட்டு இறுகிய இடத்துக்குள் சாயம் நுழையாது. நுழையாத இடம் வெள்ளையாக நின்று வடிவம் காட்டும். நான்கு வயதுக் குழந்தைகூட இதைச் செய்ய முடியும். ஆனாலும் பல வீடுகளில் முதல் சட்டை இரண்டாவது சலவையிலேயே வெளுத்துப்போகிறது. அல்லது, அவிழ்க்கும்போதே எல்லா நிறமும் கலந்து சேற்று நிறத்தில் வருகிறது. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்த குழந்தையின் முகம் அப்போது வாடுவதைப் பார்க்கச் சகிக்காது. இந்த இரண்டையும் தவிர்ப்பது எளிது. எதை எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் போதும்.

வேலையை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். துணியைத் தேர்வது, சாயத்தூளைக் கரைப்பது, சோடா நீர் (சோடா ஆஷ் கரைத்த தண்ணீர்) தயாரிப்பது, கடைசியில் வெந்நீரில் அலசுவது எல்லாம் பெரியவரின் பொறுப்பு. இவற்றில் அளவும் நேரமும் பிசகக் கூடாது. எப்படி மடிப்பது, எந்த நிறம், எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் முழுக்கக் குழந்தையின் உரிமை. பக்கத்தில் நின்று "அங்கே சிவப்பு வேண்டாம், நீலம் ஊற்று" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் கடைசியில் அது உங்கள் சட்டையாகத்தான் இருக்கும். குழந்தை அதை ஆசையாக எடுத்துப் போடாது.

முதலில் துணி

லேபிளில் நூறு சதவீதப் பருத்தி என்று இருக்க வேண்டும். சாயம் போய் ஒட்டுவது பருத்தி இழையிலுள்ள செல்லுலோஸில்தான். லினன், ரேயான் ஆகியவையும் செல்லுலோஸ் துணிகளே என்பதால் அவற்றிலும் நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டரில் பிடிக்காது. பருத்தியும் பாலியஸ்டரும் பாதிக்குப் பாதி கலந்த துணியில் பருத்தி இழைகள் மட்டும் நிறமேறி, மற்றவை வெள்ளையாகவே நின்று, மொத்தத்தில் வெளிறிய நிறம்தான் கிடைக்கும். பருத்திச் சட்டையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும். கழுத்தைச் சுற்றியும் ஓரங்களிலும் தையல் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் பதற வேண்டாம், அது இயல்பு.

கறை படியாது, கசங்காது என்று சொல்லி விற்கும் சட்டைகளை ஒதுக்கிவிடுங்கள். அவற்றின் மேலுள்ள பூச்சு சாயத்தையும் உள்ளே விடாது. புதுச் சட்டைகளில் பொதுவாகவே கஞ்சிப்பசையும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். அதனால் முந்தின நாளே வெந்நீரில் சலவைத்தூள் போட்டு ஒருமுறை துவைத்துவிடுங்கள். கண்டிஷனர் சேர்க்க வேண்டாம். துவைக்காத சட்டையில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். அதற்குப் பிறகு வேறு பரிகாரம் கிடையாது.

எந்தச் சாயம்

கடையில் துணிச்சாயம் என்ற பெயரில் பலவகை கிடைக்கும். வாங்க வேண்டியது ரியாக்டிவ் சாயம். பெட்டியின் மேல் 'ரியாக்டிவ்' என்றோ 'புரோசியன் எம்எக்ஸ் வகை' என்றோ எழுதியிருக்கும். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1956இல் இந்த வகைச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு பருத்திக்குப் போட்ட சாயங்களில் பல, இழையின் மேல் ஒட்டிக்கொண்டோ உள்ளே சிக்கிக்கொண்டோதான் நின்றன. ரியாக்டிவ் சாயம் செல்லுலோஸோடு வேதிவினை புரிந்து இழையின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாமல் அறை வெப்பத்திலேயே இது நடக்கும் என்பதால்தான் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்யத் துணியலாம்.

'எல்லாத் துணிக்கும்' என்று எழுதிய பொதுச் சாயங்களுக்குச் சுடுநீர் வேண்டும். அவை சலவைக்குச் சலவை வெளுக்கும், கூட ஊறும் துணிகளையும் கறையாக்கும். உணவில் சேர்க்கும் நிறமிகளைப் பலர் பாதுகாப்பானவை என்று நினைத்துப் பயன்படுத்துகிறார்கள். கம்பளியிலும் பட்டிலும் அவை பிடிக்கும், பருத்தியில் நிற்காது. துணியின் மேல் பூசும் பெயின்ட் வேறு சமாசாரம். அது இழைக்குள் போகாமல் மேலே படலமாக உறைந்து, சட்டையை விறைப்பாக்கும்.

ரியாக்டிவ் சாயம் வினைபுரிவதற்குக் காரத்தன்மை வேண்டும். அதைத் தருவது சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். சமையல் சோடா அதற்கு மாற்றாகாது. அது சோடியம் பைகார்பனேட். அறை வெப்பத்தில் தேவையான காரம் அதில் இல்லை. சாயம் ஓடாமல் இருக்க வினிகரிலோ உப்பு நீரிலோ ஊறவைக்க வேண்டும் என்ற அறிவுரையும் பரவலாக இருக்கிறது. இந்தச் சாயத்துக்கு அது பொருந்தாது. வினிகர் அமிலம் என்பதால் சோடா ஆஷின் காரத்தைக் கொன்றுவிடும், நடக்க வேண்டிய வினை பாதியில் நின்றுபோகும். உப்பு, சட்டையை வாளி நிறையச் சாய நீரில் முக்கி எடுக்கும் முறைக்குத்தான் உதவும். பாட்டிலால் நேரடியாக ஊற்றும்போது தேவையில்லை.

தண்ணீர் மட்டும் சேர்க்கச் சொல்லும் ஆயத்தப் பெட்டிகள் சிலவற்றில் சோடா ஆஷ் தூளோடு ஏற்கெனவே கலந்திருக்கும். அப்படியானால் சட்டையைத் தனியாகச் சோடா நீரில் ஊறவைக்க வேண்டாம். ஆனால் தண்ணீர் ஊற்றிய நொடியிலிருந்தே அந்தச் சாயம் வீரியம் இழக்கத் தொடங்கும். குழந்தைகள் மடித்துக் கட்டி முடித்த பிறகே பாட்டிலில் தண்ணீர் ஊற்றுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

குழந்தைகள் வருவதற்கு முன்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படித்துவிடுங்கள். சாயத்தூள் மிக நுண்ணியது, காற்றில் பறக்கும். ரியாக்டிவ் சாயத்தூளைத் தொடர்ந்து சுவாசிக்கும் சிலருக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமா போன்ற மூச்சிரைப்பும் வரும். ஒருமுறை வந்துவிட்டால் சிறிதளவு தூளே மறுபடியும் தூண்டிவிடும். கரைத்த பிறகு இந்த ஆபத்து இல்லை. ஆகவே தூளைத் திறப்பதும் கரைப்பதும் குழந்தைகள் இல்லாத இடத்தில், பெரியவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை. மின்விசிறியை நிறுத்துங்கள். மேசையில் ஈரமாக்கிய செய்தித்தாள் விரியுங்கள், சிந்தும் தூள் அதிலேயே அடங்கிவிடும். மூக்கும் வாயும் மூடும் நல்ல முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். ஸ்பூன், கிண்ணம், வாளி எதுவும் திரும்பச் சமையலறைக்குள் போகக் கூடாது.

ஒவ்வொரு நிறத்துக்கும் 250 மி.லி. தண்ணீர், இரண்டு முதல் மூன்று டீஸ்பூன் தூள். கறுப்புக்கும் டர்காய்ஸ் நீலத்துக்கும் நான்கு டீஸ்பூன் வரை போடலாம். தண்ணீர் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருந்தால் போதும். கொதிநீர் ஊற்றினால் துணியைத் தொடுவதற்கு முன்பே சாயத்தின் வினைத்திறன் வீணாகும். தூளில் முதலில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதியை ஊற்றிக் கலக்குங்கள். கரையாத துகள் ஒன்று தங்கினால்கூடச் சட்டையில் கரும்புள்ளியாக விழும். ஃபுக்ஷியா (அடர் இளஞ்சிவப்பு) போன்ற சில நிறங்கள் அடம்பிடிக்கும். அவற்றைப் பழைய நைலான் சாக்ஸில் வடிகட்டினால் தெளிந்துவிடும். யூரியா கிடைத்தால் 250 மி.லி.க்கு ஒரு டேபிள் ஸ்பூன் சேர்க்கலாம். சட்டை சீக்கிரம் காய்ந்துபோகாமல் ஈரத்தைப் பிடித்துவைக்க அது உதவும். இல்லாவிட்டாலும் குறையில்லை. மூன்று நிறங்கள் இந்த அளவில் கலந்தால் சிறுவர் சட்டைகள் மூன்று நான்குக்குக் காணும். சோடா சேராத இந்தக் கரைசலைக் குளிர்ச்சியான இடத்தில் மூடி வைத்தால் சில நாட்கள் தாங்கும். எனவே முந்தின இரவே கலந்துவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

சோடா நீருக்கு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு டேபிள் ஸ்பூன் சோடா ஆஷ். தண்ணீரைக் கிளறிக்கொண்டே தூளை மெல்லத் தூவுங்கள். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கல்லாக இறுகிவிடும். இந்த நீர் தோலை வறட்டி எரிச்சலூட்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வாளியைக் குழந்தைகளின் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

வேலை செய்யும் இடம் வெளியில், புல்தரையிலோ முற்றத்திலோ இருந்தால் உத்தமம். உள்ளே என்றால் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் மேல் பழைய துண்டுகளும் போடுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் சாயம் குளமாகத் தேங்கி ஓடும், துண்டு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு தட்டின் மேல் கம்பித்தட்டு வைத்து அதில் சட்டையை வைத்தால், வழியும் சாயம் கீழே போய்விடும், சட்டை அதில் ஊறாது. இந்த ஒரு ஏற்பாடு பாதிச் சட்டைகளைச் சேற்று நிறத்திலிருந்து காப்பாற்றும். பெரியவர்களின் கையுறை சிறுவர் கையில் நிற்காது, கழன்று கழன்று விழும். சிறிய அளவு கிடைக்காவிட்டால் மணிக்கட்டில் தளர்வாக ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள். எல்லோரும் பழைய துணி போட்டிருக்க வேண்டும், நீங்களும்தான்.

மடிப்பும் கட்டும்

வழக்கமான முறையில், சட்டையைச் சோடா நீரில் பதினைந்து இருபது நிமிடம் ஊறவைத்துப் பிழிந்த பிறகே மடிப்பார்கள். சின்னக் குழந்தைகளோடு செய்யும்போது இதைத் திருப்பிப் போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சட்டையை வெறும் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து அவர்களிடம் கொடுங்கள். கையுறை இல்லாமல் வெறுங்கையால் மடிக்கட்டும், முறுக்கட்டும், கட்டட்டும். துணியின் மடிப்பு விரலுக்குத் தெரிந்தால்தான் கட்டு சரியாக வரும். கையுறைக்குள் அந்த உணர்வு போய்விடுகிறது. கட்டி முடித்த பொட்டலத்தை நீங்கள் வாங்கிச் சோடா நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் மூழ்கவைத்து, கட்டு குலையாமல் அழுத்திப் பிழியுங்கள். உள் மடிப்புவரை சோடா போக வேண்டும் என்பதால்தான் இந்தக் கூடுதல் நேரம். ஊறும் நேரத்தில் குழந்தைகள் கையுறை மாட்டி, எந்த நிறம் என்று தீர்மானித்துக்கொண்டிருக்கலாம்.

நான்கைந்து வயதினருக்குக் கசக்கல்தான் ஏற்றது. சட்டையைத் தரையில் விரித்து, விரல்களால் நடுநோக்கிக் கசக்கிக் கசக்கிச் சேர்த்து, தட்டையான உருண்டையாக்கி, நான்கைந்து ரப்பர் பேண்ட் போட்டால் முடிந்தது. பளிங்குக் கல்லில் ஓடும் ரேகை மாதிரி வடிவம் வரும். தப்பாகச் செய்யவே முடியாது என்பது இதன் பெரிய பலம்.

அடுத்தது வட்டங்கள். சட்டையின் நடுவில் துணியைக் கிள்ளித் தூக்கினால் கீழே தொங்கும் பகுதி குடைபோல் மடியும். அதை ஒரு தடியாக நீவிவிட்டு, இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒவ்வொரு பேண்டும் ஒரு வெள்ளை வளையமாகும். துணியில் ஆங்காங்கே கோலிக்குண்டுகளை வைத்து, ஒவ்வொரு குண்டின் அடியிலும் துணியைச் சேர்த்துப் பேண்ட் போட்டால் சின்னச் சின்ன வளையங்கள் கிடைக்கும். பட்டைகள் வேண்டுமென்றால் சட்டையைக் கீழிருந்து மேலாக விசிறி மடிப்பாக மடித்து, நீளமான பட்டையை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

எல்லாக் குழந்தைகளும் ஆசைப்படுவது சுருளுக்குத்தான். ஏழெட்டு வயதில் கொஞ்சம் உதவியோடு செய்துவிடுவார்கள். ஈரச் சட்டையைச் சுருக்கமில்லாமல் விரியுங்கள். நெஞ்சின் நடுவில், முன்பக்கத் துணியையும் பின்பக்கத் துணியையும் சேர்த்தே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து ஒரே திசையில் திருக வேண்டும். கை நழுவும் என்றால் மர கிளிப்பாலோ முட்கரண்டியாலோ திருகலாம். திருகத் திருக நடுவிலிருந்து ஆரம்பித்து மடிப்புகள் அலையலையாக எழும். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். மடிப்புகள் விரல் உயரத்துக்கு எழும்பிச் சாய்ந்துவிட்டால் உள்ளே மறையும் துணிக்குச் சாயமே போகாது, பெரிய வெள்ளைத் திட்டாக நிற்கும். எனவே நான்கு திருகு திருகியதும் நிறுத்தி, மறு கையின் உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்தி, மடிப்புகளை இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்குள் அடக்குங்கள். ஒன்று உயர்ந்து நின்றால் அதைப் பிளந்து இரண்டாக்குங்கள். மறுபடி திருகுங்கள். கைப்பகுதிகளும் கீழ்விளிம்பும் கடைசியில் வட்டத்துக்குள் வந்து சேரும்போது முழுச் சட்டையும் தட்டையான வட்டத் தட்டாக இருக்க வேண்டும். மூன்று ரப்பர் பேண்டுகளை நடுவில் ஒன்றையொன்று வெட்டுமாறு குறுக்காகப் போடுங்கள். வட்டம் ஆறு கூறாகப் பிரியும். பேண்ட் போடும்போது ஒருவர் தட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மாட்ட வேண்டும். அம்மாவோ அப்பாவோ பிடித்துக்கொண்டு குழந்தையை மாட்டவிடுங்கள். மாட்டும் வேலையில்தான் சந்தோஷம் இருக்கிறது.

கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்த கட்டுக்குள் சாயம் புகுந்து வெள்ளைக் கோடுகளை விழுங்கிவிடும். சின்ன விரல்களுக்கு வலு போதாத இடத்தில் நீங்கள் கூடுதலாக ஒரு பேண்ட் போட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

நிறம் ஊற்றுதல்

முதல்முறைக்கு மூன்று நிறம் போதும்: எலுமிச்சை மஞ்சள், ஃபுக்ஷியா, டர்காய்ஸ். மஞ்சளும் ஃபுக்ஷியாவும் சந்திக்கும் இடத்தில் ஆரஞ்சும் சிவப்பும் பிறக்கும். மஞ்சளும் டர்காய்ஸும் சேர்ந்தால் பச்சை, டர்காய்ஸும் ஃபுக்ஷியாவும் சேர்ந்தால் ஊதா. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பழுப்பு. பச்சையையும் சிவப்பையும், ஊதாவையும் மஞ்சளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அதே பழுப்புதான், ஏனென்றால் அந்த ஜோடிக்குள்ளும் மூன்று மூல நிறங்களும் இருக்கின்றன. இதை ஊற்றுவதற்கு முன்பே குழந்தைகளுக்குக் காட்டிவிடலாம். ஒரு காகிதத் துண்டில் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சொட்டு விட்டு, அவை பரவி ஒன்றோடொன்று கலப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக் குழந்தை தானே கண்டுபிடித்துச் சொல்லும். அதற்குப் பிறகும் பழுப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் தாராளமாகப் பழுப்பு ஊற்றட்டும். தெரிந்து தேர்ந்தெடுத்த நிறம் அது.

பாட்டிலுக்குக் கூர்மூக்கு மூடி வேண்டும். குழந்தைகள் முதலில் பாட்டிலை உயரத் தூக்கிப் பீய்ச்சுவார்கள். மேல்பரப்பு பளபளவென்று நிறைந்து வழியும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. மூக்கின் நுனியைத் துணியிலேயே தொட்டுவைத்து, மடிப்பின் இடுக்கில் நுழைத்து, மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். துணி சாயத்தை இழுப்பது கண்ணுக்குத் தெரியும். இழுப்பது நின்று மேலே தேங்க ஆரம்பித்தால் அந்த இடத்துக்குப் போதும். சுருள் என்றால் ஆறு கூறில் இரண்டிரண்டாக மூன்று நிறமும் வரிசையாகப் போடலாம். திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் ஊற்ற வேண்டும். முன்பக்கம் எந்தக் கூறில் என்ன நிறமோ, பின்பக்கமும் அதே நிறம் வந்தால் சுருள் தெளிவாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஊற்றிவிட்டு வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. உள்ளே சாயம் போயிருக்கிறதா என்று அறிய, ஒரு மடிப்பை விரலால் இலேசாகப் பிரித்துப் பார்க்கலாம். கொஞ்சம் வெள்ளை இருக்கட்டும். வெள்ளை இல்லாத சட்டையில் நிறங்கள் மூச்சு முட்டுகின்றன.

ஒரே பாட்டிலுக்கு மூவர் கை நீட்டாமல் இருக்க, ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்துச் சுற்றில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கு பிள்ளைகளுக்கு மேல் என்றால் இன்னொரு பெரியவர் கட்டாயம் வேண்டும். கையுறையில் வேறு நிறம் இருக்கும்போது சட்டையைத் தூக்கினால் கைரேகையாகப் பதியும்; பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, நிறம் மாற்றும்போதெல்லாம் கையை முக்கித் துடைக்கப் பழக்குங்கள். கையில் சாயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சமிருக்கும் கறை சில நாளில் தானே போய்விடும். அதற்காகத் தோலில் பிளீச் தேய்க்கவே கூடாது.

ஒரு நாள் காத்திருப்பு

ஊற்றி முடித்த சட்டையை, கட்டு அவிழ்க்காமல், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடுங்கள். உறையின் மேல் பெயரை அழியாத பேனாவால் முன்கூட்டியே எழுதிவைத்தால், நாளைக்கு யார் சட்டை எது என்ற சண்டை வராது. இருபத்து நான்கு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். ஈரமும் வெப்பமும் இருக்கும் வரைதான் வினை நடக்கும். துணி காய்ந்தால் நின்றுவிடும், 21 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் மிக மெதுவாகும். குளிரான நாளில் வீட்டின் வெதுவெதுப்பான மூலையில் வைத்து, இன்னும் அரை நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்காய்ஸ் இயல்பிலேயே மெதுவாகப் பிடிக்கும் நிறம் என்பதால் குளிரில் முதலில் ஏமாற்றுவதும் அதுதான்.

குழந்தைகளுக்கு இந்த ஒரு நாள் நீண்ட நாள். காலையில் சாயம் ஊற்றி, மறுநாள் காலையில் பிரிப்பதாக வைத்துக்கொண்டால் இடையில் ஓர் இரவுத் தூக்கம் வந்துவிடும், நச்சரிப்பு பாதியாகக் குறையும். உறையைத் திறந்து பார்க்க அனுமதிக்க வேண்டாம், ஆனால் வெளியிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அலசல்

இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை மாற்றக் கூடாது. முதலில் குளிர்ந்த நீர், பிறகு வெந்நீர்.

கட்டு அவிழ்க்காமலேயே பொட்டலத்தை ஓடும் குளிர்ந்த நீரில் பிடித்து, மேலிருக்கும் சாயத்தையும் சோடாவையும் போகவிடுங்கள். கையுறை அவசியம். நீர் கொஞ்சம் தெளிந்ததும், குழாயடியிலேயே, ரப்பர் பேண்டுகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுங்கள். துணியை நறுக்கிவிடாதபடி இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். விரிப்பது குழந்தை. பிரியப் பிரிய மடிப்புக்குள்ளிருந்து வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக வெளிவரும்போது அவர்கள் போடும் கூச்சலுக்காகவே இவ்வளவு பாடும் படலாம்.

விரித்த சட்டையைத் தாமதிக்காமல் மேலும் குளிர்ந்த நீரில் அலசுங்கள். துணியில் சோடா மிச்சமிருக்கும்போதே வெந்நீர் பட்டால், அலசலில் கழன்று வரும் சாயம் வெள்ளைப் பகுதியில் போய் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். சோடா போய்விட்டால் அந்த ஆபத்து பெரும்பாலும் தீர்ந்தது. அதன் பிறகு வெந்நீர், 60 பாகை செல்சியஸ் அளவுக்கு, சலவைத்தூளோடு. துணியோடு பிணையாமல் சும்மா தங்கியிருக்கும் சாயம் சூட்டில்தான் வெளியேறும். தண்ணீர் ஏறக்குறைய நிறமற்று வரும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். ஃபுக்ஷியா நிறைய ஊற்றிய சட்டைக்கு நான்கைந்து முறைகூட ஆகும். அத்தனை நிறம் வடிகாலில் போகிறதே என்று குழந்தை கலங்கினால், ஊற்றிய சாயத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து ஏற்கெனவே செயலிழந்துவிட்டது, போவது அதுதான், இழையோடு சேர்ந்தது போகாது என்று விளக்கிச் சொல்லுங்கள். வெந்நீர் வேலை முழுக்க உங்களுடையது.

ஈரச் சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்காதீர்கள். ஒன்றின் சாயம் மற்றதில் இறங்கும். உடனே விரித்துக் காயப்போடுங்கள். காய்ந்ததும் நிறம் கொஞ்சம் இறங்கித் தெரியும், ஈரத்தில் கண்ட அடர்த்தி அப்படியே இருக்காது. இதைக் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. முதல் இரண்டு மூன்று சலவைகளில் தனியாகத் துவையுங்கள். பிளீச் கலந்த சலவைத்தூள் வேண்டாம். அதற்குப் பிறகு மற்ற நிறத் துணிகளோடு சேர்த்தே போடலாம்.

மிச்சச் சாயமும் மனதுக்குப் பிடிக்காத சட்டையும்

மிச்சச் சாயத்தை வீணாக்க வேண்டாம். பழைய தலையணை உறை, கைக்குட்டை, துணிப்பை எதுவாக இருந்தாலும் பருத்தியாக இருந்தால் சோடா நீரில் ஊறவைத்து அதில் ஊற்றலாம். கட்டவே தெரியாத இரண்டு வயதுத் தம்பி தங்கைக்கு, நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கைக்குட்டை. அதற்குப் பிறகும் மிஞ்சுவது கொஞ்சம்தான். நிறையத் தண்ணீர் சேர்த்து வடிகாலில் விட்டுவிடலாம், செடிக்கு ஊற்ற வேண்டாம். திறந்த தூள் டப்பாவை இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாத உயரமான அலமாரியில் வையுங்கள்.

காய்ந்த பிறகு சட்டை மொத்தமாக வெளிறித் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கும், சோடா நீரில் போதிய நேரம் ஊறியிருக்காது, அல்லது இடம் குளிராக இருந்திருக்கும். முதல் காரணம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த முறை லேபிளைப் பார்த்து வாங்குங்கள். மற்ற இரண்டும் என்றால் அதே சட்டையை மறுபடி நனைத்து, வேறு விதமாக மடித்துக் கட்டி, சோடா நீரில் ஊறவைத்து, மேலே இன்னொரு முறை சாயம் ஊற்றலாம். பழைய நிறம் அடியில் தெரிய, புதியது அதன் மேல் ஏறும். பழுப்பேறிப்போன சட்டையில் அடர்நீலமோ கறுப்போ ஊற்றினால் நன்றாக எடுபடும். வெளிறிய மஞ்சளின் மேல் டர்காய்ஸ் ஊற்றினால் பச்சை வரும்.